எந்திரம் அறியார் ஓதும் மந்திரம்!

வரியைப் பற்றிக் கேளுங்கள், புள்ளிவிவரம் பொழிவார்கள்! போரைப் பற்றிக் கேளுங்கள், வீரம் முழங்குவார்கள்! வறுமையைப் பற்றிக் கேளுங்கள், கண்ணிலே நீர் தளும்பும், குரலிலே கனிவு குழையும்! நாடாளும் பொறுப்பை நாடி மேடையேறும் கனவான்களுக்கு எப்பொருள் பற்றியும் பேச நாவுண்டு, நயமுண்டு. ஆனால், இன்று மாந்தர் வாழ்வை இரவும் பகலும் இயக்கிக் கொண்டிருக்கும் எந்திரங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நா தடுமாறும், நயம் ஓடி ஒளியும். ஒருவர் சிரித்து மழுப்புவார். இன்னொருவர், "அது வல்லுநர் வேலை" என்பார். மூன்றாமவரோ தாம் அறியாததையே ஆயுதமாக்கி, அச்சத்தை ஊதிப் பெருக்கி, அந்த அனலிலே வாக்குகளைக் காய்ச்சி எடுத்துக் கொள்வார்!

பொருள் அறியாது ஓதுவதைப் புனிதம் என்றவர்களை நாம் அறிவோம். ஓதுபவருக்கும் பொருள் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது, காணிக்கை மட்டும் தவறாது கைமாறும்! அந்த வித்தை கோயில் மண்டபத்தோடு நின்றுவிடவில்லை, தோழர்களே! மின்விளக்கு ஒளிவீசும் தேர்தல் மேடைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. அன்று வடமொழி, இன்று 'சைபர்', 'செயற்கை நுண்ணறிவு', 'டிஜிட்டல்'! சொல் மாறிற்று, சூழ்ச்சி மாறவில்லை.

இந்நோயைத் தெளிவாகக் காண வேண்டுமானால் அமெரிக்க நாட்டைப் பார்க்க வேண்டும். அங்குள்ளோர் நம்மினும் மடமையில் மூழ்கியவர் என்பதற்காக அன்று. தலைமைப் பதவிக்கு நிற்போரை எதிரெதிரே நிறுத்தி, கோடிக்கணக்கானோர் காணக் கேள்வி கேட்கும் வழக்கத்தை 1960-ஆம் ஆண்டிலே தொடங்கிய நாடு அது. ஆகவே, அங்கே அறியாமை பேசியதற்கும், அறிவு அவமதிக்கப்பட்டதற்கும் பதிவு இருக்கிறது, சான்று இருக்கிறது.

இல்லாத இடைவெளி!

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிலே செலுத்திற்று. அமெரிக்க உள்ளங்களிலே அச்சம் குடிபுகுந்தது. அந்த அச்சத்துக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது: 'ஏவுகணை இடைவெளி'. சோவியத்திடம் ஏவுகணைகள் குவிந்து கிடக்கின்றன, நாம் பின்தங்கி விட்டோம் என்ற கூக்குரல் எழுந்தது. அக்குரலை ஓங்கி எழுப்பியவர்களில் ஒருவர் ஜான் கென்னடி.

1960 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 21 வரை நான்கு முறை கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதினர். அதற்கு முந்திய ஆண்டு மாஸ்கோ பொருட்காட்சியிலே நிக்சன் குருஷேவிடம் வாதிட்டபோது, ராக்கெட் உந்துவிசையில் நீங்கள் முந்தியிருக்கலாம், வண்ணத் தொலைக்காட்சியில் நாங்களே முன்னணி என்ற பொருள்படப் பேசியிருந்தார். அதை எடுத்துக்காட்டி, வண்ணத் தொலைக்காட்சியைவிட ராக்கெட் விசையே முக்கியம் என்று இடித்தார் கென்னடி. சொல் கூர்மையானது, கேட்டவர் உள்ளத்தில் தைத்தது. ஆனால், அந்த இடைவெளி உண்மையா? யார் எண்ணினார்? எப்படி எண்ணினார்? எதைக் கண்டு எண்ணினார்?

இடைவெளி இருக்கத்தான் செய்தது, ஆனால் தலைகீழாக! 1961-ஆம் ஆண்டிலே, வேவுத் துணைக்கோள்கள் எடுத்த படங்களை ஆராய்ந்த பின்னர், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் சோவியத்திடம் மிகச் சிலவே என்பதும், முன்னணியில் இருந்தது அமெரிக்காவே என்பதும் புலனாயிற்று. குருஷேவின் வீம்புப் பேச்சைக் கேட்டு மிரண்டவர்கள், இல்லாத பேயைக் கண்டு அலறியிருக்கிறார்கள்! கென்னடி வென்றதோ, 6 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 1,13,000 வாக்குகள் வேறுபாட்டில். அந்த ஓர் அச்சம்தான் வெற்றியைத் தந்தது என்று கூற நாம் துணியோம். தேர்தலை முடிவு செய்யும் காரணங்கள் பல. ஆயினும், ஒரு வல்லரசின் மக்கள் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள் என்பதை மறுப்பாரில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மினிட்மேன் எனும் ஏவுகணைகள் மட்டும் 1,000 நிறுவப்பட்டன. கோடி கோடியாகப் பணம் மண்ணுக்கடியில் புதைந்தது.

பேயோட்டும் பூசாரி முதலில் பேய் இருப்பதாக நம்ப வைப்பான். பிறகே உடுக்கை அடிப்பான். தொழில்நுட்பம் பற்றிய அச்சமும் அவ்வாறே விற்கப்படுகிறது. "எப்படித் தெரியும்?" எனும் ஒரே வினா போதும், உடுக்கை ஓய்ந்து போகும். அந்த வினாவை அழுத்திக் கேட்க ஆளில்லாமற் போயிற்று!

அறிந்தவருக்கு ஏளனம்!

அறியாமை வென்ற கதை அது. அறிவு தோற்ற கதையையும் கேளுங்கள்.

அல் கோர் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த நாளிலேயே, கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலைப்பின்னலுக்குப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடியவர். அவர் கொணர்ந்த சட்டம் 1991-இல் நிறைவேறிற்று. அச்சட்டத்தின் வழி வந்த பணத்தில், இல்லினாய்ப் பல்கலைக்கழக மையத்திலே உருவாகி 1993-இல் வெளிவந்த 'மொசைக்' எனும் மென்பொருள், சாமானிய மனிதனுக்கு இணையத்தின் கதவைத் திறந்துவிட்டது. 1999 மார்ச்சில் ஒரு பேட்டியிலே, இணையத்தை உருவாக்குவதில் நாடாளுமன்றத்தில் இருந்தபோது முன்முயற்சி எடுத்தேன் என்றார் கோர். சொல்லிலே சற்றுப் பெருமிதம் தொனித்தது மெய். ஆனால், ஏடுகளும் எதிரணியும் அதை எப்படித் திரித்தன? "இணையத்தைக் கண்டுபிடித்தது நானே என்கிறார்" என்று! அவர் சொல்லாத சொல்லை அவர் வாயிலே திணித்து, நாடு முழுதும் நகைத்தனர்.

இணையத்தின் இயக்க நெறிகளை வகுத்த வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் எனும் இரு அறிஞரும் 2000 செப்டம்பரில் முன்வந்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இணையத்தின் வளர்ச்சிக்கு இவரைப்போல் நெடுங்காலம் உதவியவர் வேறெவரும் இல்லை என்று சான்று பகர்ந்தனர். யார் செவியில் ஏறிற்று? அடுத்த மாதம் 3-ஆம் நாள் போஸ்டன் நகர விவாதத்தில், கோர் எண்களை அடுக்கிக் கணக்குப் பேசினார். எதிரே நின்ற ஜார்ஜ் புஷ், இவர் இணையத்தை மட்டுமன்று, கணக்குப்போடும் கருவியையும் கண்டுபிடித்திருப்பார் போலும் என்று நையாண்டி செய்தார். அவை சிரித்தது. கணக்குச் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்பே கணக்குப் போட்டவர் கேலிப்பொருளானார்!

சிரித்தவர்களை வரலாறு திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தத் தேர்தலின் முடிவு எதிலே தொங்கிற்று? ஒரு துளையட்டையிலே! புளோரிடா மாநிலத்தின் பல வட்டாரங்களில் வாக்காளர், அட்டையிலே துளையிட்டு வாக்களித்தனர். துளையிட்ட துண்டு முழுவதும் அறுந்து விழாமல் சில அட்டைகளில் தொங்கிக் கொண்டிருந்தது. அது வாக்கா, வாக்கில்லையா? அதிகாரிகள் அட்டையை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து உற்று நோக்கிய காட்சியை உலகமே கண்டது. ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகள் பதிவான மாநிலத்திலே 537 வாக்குகள் வேறுபாடு! மறுஎண்ணிக்கையை உச்சநீதிமன்றம் டிசம்பர் 12-இல் நிறுத்திற்று. எந்திர அறிவைக் கேலி செய்து நடந்த தேர்தல், எந்திரக் கோளாற்றிலே வந்து முடிந்தது. அதன்பிறகுதான், 2002-இல், வாக்குக் கருவிகளை மாற்றச் சட்டம் செய்தார்கள். வெள்ளம் வடிந்த பின் அணை!

தட்டத் தெரியாதது குற்றமா?

2008-ஆம் ஆண்டிலே வேறொரு காட்சி. ஜான் மெக்கெயின் தமக்குக் கணிப்பொறியை இயக்கத் தெரியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். உடனே எதிரணியாருக்குக் கொண்டாட்டம்! கணிப்பொறி தெரியாது, மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது என்று விளம்பரப் படமே வெளியிட்டனர் ஒபாமா அணியினர். வியட்நாம் சிறையில் வதைபட்டு, கைகளை முழுதும் உயர்த்த முடியாதவராய் மீண்ட மனிதர் அவர் என்பதைச் சிலர் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

விரலால் விசை தட்டத் தெரியாதது குற்றமன்று, தோழர்களே! நெல் அறுக்கத் தெரியாதவன் உழவர் துயர் தீர்க்கச் சட்டம் செய்யலாம். தறி ஓட்டத் தெரியாதவன் நெசவாளிக்கு நீதி வழங்கலாம். மெக்கெயினிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தொலைத்தொடர்புத் துறையை மேற்பார்க்கும் செனட் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தப் பதவியிலிருந்து நீர் எதைக் காத்தீர்? யார் பக்கம் நின்றீர்? கம்பி வழிச் செய்தியை யார் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறீர்? இவற்றையன்றோ உரத்துக் கேட்டிருக்க வேண்டும்! விளம்பரமோ விரலைப் பார்த்தது, மூளையைப் பார்க்கவில்லை.

இதைக் கவனியுங்கள். அறிந்தவர் நகைக்கப்பட்டார். அறியாதவரும் நகைக்கப்பட்டார். இருவர் வகையிலும் கேட்க வேண்டிய கேள்வி சிரிப்பொலியில் மூழ்கிப் போயிற்று. கேலி செய்வதற்கு அறிவு வேண்டாம். கேள்வி கேட்பதற்கு வேண்டும். அதனால்தான் கேலி மலிந்தது, கேள்வி அரிதாயிற்று.

பூட்டை உடைக்கும் புண்ணியவான்கள்!

2015 டிசம்பரில் கலிபோர்னியாவிலே பயங்கரவாதிகள் 14 பேரைச் சுட்டுக் கொன்றனர். நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பிலே வேட்பாளர்கள் தொழில்நுட்பம் பேசப் புகுந்தனர். இணையத்தின் ஏதேனும் ஒரு பகுதியை மூடிவிட வேண்டும், பில் கேட்ஸைப் போன்றவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார் டொனால்டு டிரம்ப். இணையம் என்ன, இரவிலே இழுத்துச் சாத்தும் கடைக்கதவா? வடக்கே ஒரு வழி அடைபட்டால் தெற்கே ஒரு வழி தேடிச் செல்லுமாறு அமைக்கப்பட்ட வலைப்பின்னல் அது!

"அவர் அப்படித்தான்" என்று மற்ற அணியினர் மகிழ வேண்டாம். அதே மாதம் 19-ஆம் நாள் நடந்த விவாதத்தில், செய்திகளைப் பூட்டி அனுப்பும் குறியாக்கக் கலை பற்றி ஹிலாரி கிளின்டனிடம் கேட்டனர். அவர் கூறியதென்ன? அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தைப் போன்றதொரு முயற்சி வேண்டும் என்றார். அது எப்படி என்று சொல்லுமளவுக்குத் தமக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்றும், ஏதேனும் வழி இருக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார்!

இருக்கத்தான் வேண்டுமாம்! ஏன் இருக்க வேண்டும்? வேண்டுவோர் வேண்டுவதற்கிணங்கக் கணிதம் வளைந்து கொடுக்குமா? காவலருக்கு மட்டும் திறக்கும், கள்வருக்குத் திறக்காத கள்ளச்சாவி என்பது கனவு. அரசுக்கென்று ஒரு பின்வாசல் வைத்தால் அந்த வாசலைப் பகைவனும் ஒருநாள் கண்டுபிடிப்பான். விட்ஃபீல்டு டிஃபி, ரொனால்டு ரிவெஸ்ட் உள்ளிட்ட வல்லுநர் 15 பேர் 2015 ஜூலையிலேயே இதை எழுதி எச்சரித்திருந்தனர். அந்த எச்சரிக்கை மேடையேறவில்லை. அணுகுண்டின் பெயர் மட்டும் மேடையேறிற்று.

விளைவைப் பாருங்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் நீதிமன்ற ஆணையின்பேரில் ஒட்டுக்கேட்க வசதி வைத்திருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 2024-ஆம் ஆண்டிலே, சீன அரசோடு தொடர்புடைய ஊடுருவிகள் அந்நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குள் நுழைந்ததாகவும், நீதிமன்ற ஆணைகளின்படி காவல்துறை கேட்டிருந்த சில தகவல்களையே படியெடுத்ததாகவும் அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதே அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனம், குறிவைக்கப்படும் உயர்நிலையினருக்கு என்ன அறிவுரை வழங்கிற்று தெரியுமா? முனைக்கு முனை பூட்டப்பட்ட செய்திச் செயலிகளையே பயன்படுத்துங்கள் என்று! எந்தப் பூட்டை உடைக்க வழி காண்போம் என்று மேடையில் முழங்கினார்களோ, அந்தப் பூட்டின் பின்னே ஓடி ஒளியச் சொன்னார்கள்!

பத்து வயதுப் பாலகனும் படுக்கையிலிருந்த மனிதனும்!

2016 செப்டம்பர் 26. முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்து சரியாக 56 ஆண்டுகள். அந்தக் கோடையிலேதான் ஜனநாயகக் கட்சியின் அலுவலகக் கணிப்பொறிகளிலிருந்து மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு, ஏறத்தாழ 20,000 அஞ்சல்கள் வெளியிடப்பட்டிருந்தன. ஒரு நாட்டின் தேர்தலுக்குள் இன்னொரு நாடு கைநுழைக்கிறதா என்ற பெருங்கேள்வி எழுந்து நின்ற நேரம். இணையப் பாதுகாப்பு பற்றி விவாத நடுவர் வினவினார்.

டிரம்ப் விடை பகர்ந்தார். ரஷ்யாவாக இருக்கலாம், சீனாவாக இருக்கலாம், படுக்கையில் உட்கார்ந்திருக்கும் 400 பவுண்டு எடையுள்ள யாரோ ஒருவராகவும் இருக்கலாம் என்றார். தம் மகனுக்குப் பத்து வயது, கணிப்பொறியில் அவன் சூரன் என்றார். சைபர் மிகமிகக் கடினம் என்றும் சொன்னார். தேசக்காப்புக்குத் திட்டம் கேட்டார்கள். செல்ல மகனின் சாமர்த்தியம் கிடைத்தது!

கிளின்டன் ரஷ்யாவைச் சுட்டிக்காட்டிப் பேசினார். ஆனால், அவருடைய கையும் தூய்மையாக இல்லை. அமைச்சராக இருந்தபோது அரசு அஞ்சல்களுக்குத் தம் வீட்டிலே தனி சர்வர் வைத்திருந்தவர் அவர். அதைத் துடைத்தீரா என்று 2015 ஆகஸ்டில் செய்தியாளர் கேட்டபோது, துணியாலா என்று திருப்பிக் கேட்டவர்! பாதுகாப்பு பற்றி உரத்துப் பேசும் உரிமையை அவரே பாதி இழந்திருந்தார்.

11 நாட்கள் கழித்து, அக்டோபர் 7-இல், அக்களவுக்கு ரஷ்ய அரசே பின்னணி என்று அமெரிக்க உளவுத்துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் கூட்டாக அறிவித்தன. 2018 ஜூலையில் ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. ஆனால், வாக்காளர் முடிவெடுக்க வேண்டிய வேளையிலே அவர்கள் முன் வைக்கப்பட்டவை ஒரு பாலகனும் ஒரு படுக்கையுமே!

பொறியாளர்தான் ஆள வேண்டுமா?

"அப்படியானால் எந்திரக்கலை படித்தவர்தான் ஆள வேண்டும் என்கிறீரோ?" என்று கேட்பார் உண்டு. இல்லை, தோழர்களே! ஹெர்பர்ட் ஹூவர் சுரங்கப் பொறியாளர், உலகெங்கும் புகழ்பெற்றவர். 1929-இல் தலைவரானார். அந்த ஆண்டே தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த மக்களுக்கு அவருடைய பொறியியல் அறிவு கஞ்சி வார்க்கவில்லை. பட்டம் ஆட்சித்திறன் ஆகாது. படித்தவர் ஆள்வது என்று தொடங்கினால், ஒரு சாதி போய் மறு சாதி வந்த கதையாக முடியும். அதை நாம் ஒருநாளும் ஏலோம்!

நாம் கேட்பது வேறு. ஆளவருபவர் வல்லுநரிடம் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கேட்ட விடையை மக்களிடம் விளக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். "வல்லுநர் பார்த்துக்கொள்வார்" என்று கைகழுவுபவர், ஆட்சியை வல்லுநரிடம்கூட ஒப்படைப்பதில்லை. அந்த வல்லுநருக்குச் சம்பளம் தரும் முதலாளியிடம் ஒப்படைக்கிறார். அறியாமைக்கு விலையுண்டு. அதை வாங்குவோர் வணிகர். விலை கொடுப்போர் மக்கள்.

இந்தக் குறையை நீக்க அமெரிக்கர் ஒரு நல்ல ஏற்பாடு செய்தனர். 1972-இல் நாடாளுமன்றத்துக்கென்றே தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று அமைத்தார்கள். கம்பெனிகளுக்குக் கட்டுப்படாத அறிஞர்கள் ஆய்ந்து, இது இயலும், இது இயலாது, இதனால் இன்னார்க்கு இன்ன கேடு என்று உறுப்பினருக்கு எடுத்துரைத்தனர். ஏறத்தாழ 750 ஆய்வுகள் வெளிவந்தன. ஆண்டுச் செலவு சற்றேறக்குறைய 2 கோடி டாலர். அந்த அரசுக்கு அது பொரிகடலைக் காசு. 1995-இல் சிக்கனம் என்று சொல்லி அதை மூடினர்! விளக்கெண்ணெயை மிச்சப்படுத்த விளக்கை அணைத்தார்கள். இணையம் வீடுதோறும் நுழையத் தொடங்கிய அதே வேளையிலே அணைத்தார்கள்!

2008-இல் அறிவியலாளரும் எழுத்தாளரும் திரண்டு, அறிவியலுக்கென்றே ஒரு தனி விவாதம் நடத்துங்கள் என்று வேட்பாளரை வேண்டினர். மேடைக்கு வர எவரும் இசையவில்லை. ஆயினும், 14 கேள்விகளுக்கு ஒபாமாவும் மெக்கெயினும் எழுத்திலே விடையளித்தனர். கணிப்பொறியைத் தொடாதவர் என்று நகைக்கப்பட்ட மனிதரிடமிருந்தும், ஒழுங்காகக் கேட்டபோது ஒழுங்கான விடை வந்தது! கேட்டால் கிடைக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் வீட்டுக் கூரை

அமெரிக்கரைப் பார்த்துச் சிரித்தது போதும்; நம் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்ப்போம்.

2019 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளை. நம் நாட்டுத் தலைமை அமைச்சரே ஒரு பேட்டியில், மேகமூட்டம் நம் போர்விமானங்களை ராடார் கண்ணிலிருந்து மறைக்க உதவும் என்று தாம் கருதியதாகக் கூறினார். மேகத்தை ஊடுருவிப் பார்க்கவன்றோ மனிதன் ராடாரையே படைத்தான்! நாடு நகைத்தது, பின் மறந்தது. போர் பற்றிய முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன, வல்லுநர் சொல் எங்கே நிற்கிறது என்ற கேள்வி அந்தச் சிரிப்போடு கரைந்தது.

அதே ஆண்டு அக்டோபர். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறியிலே தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவிற்று. 29-ஆம் நாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: ஆம், தீநிரல் கண்டறியப்பட்டது, செப்டம்பர் 4-லேயே தகவல் கிடைத்தது, நிர்வாக வேலைக்கான கணிப்பொறிதான், உலையை இயக்கும் அமைப்பு தனியானது என்று. இருக்கட்டும். அதன்பின் 2021-இல் ஒரு தேர்தல், 2024-இல் ஒரு தேர்தல். நம் கடற்கரையில் நிற்கும் அணு உலையின் கணிப்பொறிகளை யார் காக்கிறார், யார் தணிக்கை செய்கிறார் என்று வாக்குக் கேட்டு வந்தவரிடம் நம்மில் எத்தனைபேர் கேட்டோம்?

வாக்கு எந்திரத்தைப் பற்றி நம் கட்சிகள் பேசுவதையும் பாருங்கள். தோற்றால் எந்திரத்திலே சூது. வென்றால் எந்திரத்துக்கு வாழ்த்து! 2009-இல் தோற்ற பாரதிய ஜனதாவின் தலைவர்கள் ஐயம் எழுப்பினர். 2014-க்குப் பின் ஐயம் எழுப்பும் வேலை எதிரணியின் கைக்கு மாறிற்று. எந்திரம் மாறவில்லை, இருக்கை மாறிற்று. சோதித்துச் சொல்லும் ஐயம் அறிவு. தோல்விக்குத் தேடும் ஐயம் சாக்கு.

இன்னும் கசப்பானதொன்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டு தமிழகத்திலே, செயற்கை நுண்ணறிவின் துணையால் மறைந்த தலைவர்கள் மீண்டும் பேசினர்! கலைஞரின் உருவமும் குரலும் ஒரு நூல் வெளியீட்டு விழாவிலே. அம்மையார் ஜெயலலிதாவின் குரல் அவருடைய பிறந்தநாளிலே. அன்பினால் செய்தார்கள் என்பர். அன்பை ஐயுறவில்லை. ஆனால், செத்தவர் வந்து சோறு உண்பார் என்று காக்கைக்குப் படைப்பவரைப் பார்த்து நகைத்த நாம், செத்தவர் வந்து வாக்குச் சொல்கிறார் என்றால் கைதட்டலாமா? அவர் சொல்லாத சொல்லை அவர் குரலிலே ஏற்றும் உரிமையை யார் யாருக்குத் தந்தது?

அதே ஆண்டு சனவரியிலே அமெரிக்காவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களின் தொலைபேசிக்கு, தலைவர் பைடனின் குரலைப் போலியாகச் செய்து, முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று அழைப்பு வந்தது. அதைச் செய்வித்தவருக்குப் பின்னர் 60 இலட்சம் டாலர் அபராதம் விதித்தனர். ஆகஸ்டிலோ அதன் மறுபக்கம்: கமலா ஹாரிசுக்கு டெட்ராய்ட் விமான நிலையத்தில் திரண்ட மெய்யான கூட்டத்தின் படத்தை, செயற்கை நுண்ணறிவால் செய்த பொய் என்றார் டிரம்ப்! போலி மெய்யாகிறது, மெய் போலியாகிறது. இரண்டிலும் இடருறுவது கண்ணால் கண்டதை நம்பும் குடிமகனின் உரிமை. குரல்களை உயிர்ப்பித்து மகிழும் நாம், நாளை நம் மீது போலிக்குரல் ஏவப்படும்போது எந்த வாயால் கண்டிப்போம்?

ஐந்து கேள்விகள்

இளைஞர்களே! மேடையில் ஒருவர் எந்திரத்தின் பெயரைச் சொன்னவுடனே கைதட்டவும் வேண்டாம், கைகொட்டிச் சிரிக்கவும் வேண்டாம். எழுந்து நின்று ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

இந்த எந்திரத்தால் எது இயலும், எது இயலாது? இயலும் என்பது உமக்கு எப்படித் தெரியும், சோதித்தவர் யார்? இதன் உடைமை யாரிடம், ஆதாயம் யாருக்கு? இது தவறினால் அடிபடுபவர் யார், பதில் சொல்பவர் யார்? தவறு கண்டால் திருத்தும் வழி என்ன, அந்த வழி ஏழைக்கும் திறந்திருக்கிறதா?

இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் அரிசியின்றித் திரும்பும் மூதாட்டி கேட்கலாம். செயலி ஆணையிடும் வேகத்துக்கு உணவு சுமந்து ஓடும் இளைஞன் கேட்கலாம். அவர்கள் கேட்கும்போது, "அது வல்லுநர் வேலை" என்று எந்த வேட்பாளரேனும் சொன்னால், உரக்கச் சொல்லுங்கள்: "வல்லுநரைக் கேள்வி கேட்பது உம் வேலை, உம்மைக் கேள்வி கேட்பது எம் வேலை!"

கருவறைக்குள் நடப்பதைக் கேட்காதே என்றார்கள், கேட்டோம். ஏட்டிலே எழுதியிருப்பதை ஆராயாதே என்றார்கள், ஆராய்ந்தோம். இனி, எந்திரப் பெட்டிக்குள் நடப்பதையும் கேட்போம்! கேள்விக்கு அஞ்சும் எதுவும் அறிவியலன்று, அது எத்தனை விளக்குகள் மினுக்கினாலும்!